பரிசோதனையும் பயிற்சியும் ஒரே கூரையில்: பிரிட்டிஷ் கடற்படையின் 778, 700 ஸ்குவாட்ரன்கள்

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் விமானம் எதுவானாலும் அதன் விமானியிடம் சில எண்கள் இருக்கும். கப்பலை எந்த வேகத்தில் நெருங்க வேண்டும், எவ்வளவு எடையோடு இறங்கலாம், தளத்தின் மேல் எதிர்க்காற்று குறைந்தது எத்தனை நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் என்பது ஒரு நாட்) வீச வேண்டும் என்பவை அவை. இந்த எண்கள் வரைபடப் பலகையில் பிறப்பதில்லை. யாரோ ஒருவர் அந்த விமானத்தை அசையும் தளத்தில் திரும்பத் திரும்ப இறக்கி, சில சமயம் உடைத்து, எழுதி வைத்தவை. பிரிட்டிஷ் கடற்படையில் இந்த வேலைக்கென்றே இருந்த ஸ்குவாட்ரன்களில், அதாவது விமானப் பிரிவுகளில், முக்கியமானவை இரண்டு: போர்க்காலத்தில் 778, பிறகு 700.

778 பிறந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கப்பல் விமானங்களும் விமானப்படையின் பொறுப்பில்தான் இருந்தன. 1939 மே மாதத்தில்தான் அவை முழுமையாகக் கடற்படைக்குத் திரும்பின. நான்கு மாதத்தில் போர் வந்துவிட்டது. அதே செப்டம்பரில் தென்கரையில் உள்ள லீ-ஆன்-சோலன்ட் தளத்தில் 778 தொடங்கப்பட்டது. கையில் இருந்தவை சுவார்ட்ஃபிஷ், ஸ்கூவா, ராக் போன்ற விமானங்கள். 1940ல் ஜெர்மன் குண்டுவீச்சுக்கு எட்டாத ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கு, ஆர்ப்ரோத்துக்கு, அது மாற்றப்பட்டது. இடையில் சில காலம் கிரெய்ல் தளத்திலும் இருந்தது.

விமானங்களைச் சோதிக்க ஃபார்ன்பரோ ஆய்வு மையமும் பாஸ்கோம் டவுன் சோதனை நிலையமும் இருக்கும்போது கடற்படைக்குத் தனியாக ஒன்று எதற்கு? அங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு. ஃபார்ன்பரோவில் தேர்ந்த சோதனை விமானி ஒருவர் நல்ல வானிலையில் விமானத்தின் எல்லையைத் தொட்டுப் பார்ப்பார். 778 பார்த்தது அதற்கு அடுத்த கட்டத்தை. பயிற்சி முடித்து வந்த சராசரி விமானி, ஆடும் தளத்தில், களைத்துப்போன நிலையில் இதை இறக்க முடியுமா? தளத்தின் கீழ் உள்ள கொட்டகையில் என்ஜினைக் கழற்றி மாட்ட இடம் போதுமா? மடித்த இறக்கையோடு மின்தூக்கியில் அடங்குமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இலஸ்ட்ரியஸ் கப்பலின் மின்தூக்கி 45 அடி நீளம், 22 அடி அகலம். முதல் சீஃபயர் போர் விமானங்களின் இறக்கை விரிவு 36 அடி 10 அங்குலம், அதுவும் மடங்காத இறக்கை. ஆகவே அந்தக் கப்பலில் அவற்றைக் கீழே இறக்கவே வழியில்லை. மடங்கும் இறக்கை மூன்றாம் வகையில்தான் வந்தது.

சீஃபயர் என்பது கொக்கி மாட்டிய ஸ்பிட்ஃபயர். தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை அந்தக் கொக்கி பிடித்து விமானத்தை நிறுத்தும். அதைக் கப்பலில் இறக்கிப் பார்க்கும் வேலை 778ன் தலைவராக இருந்த லெப்டினன்ட் கமாண்டர் பிராம்வெல்லிடம் வந்தது. 1941 இறுதியில் இலஸ்ட்ரியஸில் அவர் நடத்திய சோதனைதான் இந்தக் கதையின் மையம். ஏனென்றால் 778 எதைக் கண்டுபிடிக்க முடிந்தது, எதைக் கண்டுபிடித்தும் தடுக்க முடியவில்லை என்ற இரண்டையும் சீஃபயர் காட்டிவிடுகிறது.

கப்பல் இறங்குதல் சோதனை படிப்படியாக நடக்கும். முதலில் தரையில், ஓடுபாதையில் கப்பல் தளத்தின் அளவுக்குக் கோடு போட்டு, அதற்குள் இறங்கிப் பார்ப்பார்கள். வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, விமானம் எப்போது தளர்ந்து விழுகிறது, அந்த நேரத்தில் எந்த இறக்கை முதலில் சாய்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு கப்பல். முதல் இறக்கம் குறைந்த எரிபொருளோடு, தளத்தின் மேல் நல்ல எதிர்க்காற்று இருக்கும்போது. அது சரியாக அமைந்தால் எடையைக் கூட்டுவார்கள், அடுத்து காற்றைக் குறைப்பார்கள், அதன்பின் நடுக்கோட்டிலிருந்து விலகி வேண்டுமென்றே இறக்கிப் பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது. மாற்றினால் எது உடைத்தது என்று தெரியாது.

காற்றுக்கு ஏன் இத்தனை மரியாதை என்பதற்குக் கணக்கு எளிது. விமானம் 70 நாட்டில் நெருங்குகிறது, தளத்தின் மேல் காற்று 25 நாட் என்றால், கம்பியைப் பிடிக்கும்போது தளத்தோடு ஒப்பிட்ட வேகம் 45 நாட். காற்று 15 ஆகக் குறைந்தால் அது 55. பத்து நாட் தானே என்று தோன்றும். ஆனால் கம்பி உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 45க்கும் 55க்கும் இடையில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். அந்த ஒன்றரை மடங்கு இழுப்பைக் கொக்கியும், கொக்கி பிணைந்த உடற்பகுதியும், சக்கரக் கால்களும் தாங்க வேண்டும்.

சீஃபயர் அதற்குப் பிறந்ததல்ல. அதன் சக்கரக் கால்கள் புல்தரையில் மெதுவாக அமர்வதற்கானவை, இடைவெளியும் குறுகல். கொக்கி 'ஏ' வடிவச் சட்டத்தில் வயிற்றுப் பக்கம் மாட்டப்பட்டிருந்தது. விமானத்தின் எடை மையத்துக்குக் கீழே கம்பி பிடித்து இழுத்ததால் வால் மேலே எழும்பி மூக்கு தாழும். சுழலும் புரொப்பெல்லர் தளத்தைக் கொத்தும். புரொப்பெல்லரின் மரத்தாலான அலகுகளின் (சுழலும் தகடுகளின்) நுனி சிதறும். கம்பி சற்றுக் கடுமையாக இழுத்தாலோ பின் உடற்பகுதியின் தகடு சுருங்கி மடிப்பு விழும். பிற்கால வகைகளில் கொக்கியை வாலின் கடைசிக்கே கொண்டுபோனபோதுதான் கொத்துவது அடங்கியது.

மேலேறுவதிலும் ஒரு சிக்கல். ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப்புக்கு (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) இரண்டே நிலைகள்: முழுதாக மேலே, முழுதாகக் கீழே. கப்பலிலிருந்து குறுகிய ஓட்டத்தில் எழும்ப வேண்டியது இரண்டுக்கும் நடுவில், சுமார் 18 பாகை. தீர்வு மரத்துண்டு. ஃபிளாப்பை இறக்கி, இறக்கைக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே மர ஆப்பைச் செருகி, ஃபிளாப்பை மேலேற்றினால் அது ஆப்பில் இறுகி 18 பாகையில் நிற்கும். பறந்து உயரம் பிடித்ததும் விமானி ஃபிளாப்பை ஒருமுறை முழுதாக இறக்குவார், ஆப்புகள் கடலில் விழும், பிறகு மூடிக்கொள்வார். இதைவிட மலிவான பொறியியல் தீர்வு அந்தப் போரிலேயே அதிகம் இருக்காது.

1943 செப்டம்பர் 9ல் நேசப்படைகள் இத்தாலியின் சலெர்னோவில் தரையிறங்கியபோது, வான்காவலுக்கு யூனிகார்ன் கப்பலும் நான்கு சிறிய துணை விமானந்தாங்கிகளும் நூற்றுக்கு மேற்பட்ட சீஃபயர்களோடு நின்றன. கடல் கண்ணாடி போல இருந்தது, காற்றே இல்லை. துணைக் கப்பல்கள் முழு வேகத்தில் ஓடினாலும் 17, 18 நாட்டுக்கு மேல் வராது. மேலே சொன்ன கணக்கு அப்படியே நடந்தது. கால்கள் ஒடிந்தன, அலகுகள் சிதறின, உடற்பகுதிகள் மடிந்தன. மூன்றாம் நாள் விடியலில் பறக்கும் நிலையில் எஞ்சியவை 40ஐ ஒட்டித்தான். எதிரியால் போனவற்றைவிடத் தளத்தில் இறங்கி உடைந்தவை பல மடங்கு அதிகம். உதிரி அலகுகள் தீர்ந்ததும் நுனியைச் சிறிது வெட்டிப் பொருத்தினார்கள். பறத்தலில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, தளத்தைக் கொத்துவதும் குறைந்தது.

இந்த எல்லைகள் முன்பே தெரியாதவை அல்ல. காற்று குறைந்தால் சீஃபயர் உடையும் என்பது சோதனையில் வெளிப்பட்ட செய்தி. தெரிந்தும் அனுப்பினார்கள், ஏனென்றால் அனுப்ப வேறு விமானம் இல்லை. சோதனை ஸ்குவாட்ரன் எல்லையைக் கண்டு சொல்லும். அந்த எல்லைக்குள் போரை நடத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. சலெர்னோவை விமானிகளின் திறமைக் குறைவு என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் பயிற்சிப் பக்கத்தில் ஓட்டை இருந்ததும் உண்மை. சிறிய தளத்தில், காற்றில்லாமல் இறங்கிப் பழகியவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் இல்லை.

பயிற்சியும் சோதனையும் ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாது என்பதற்கு ஆர்ப்ரோத்தின் அண்டை வீடே சாட்சி. சில மைல் தள்ளி ஈஸ்ட் ஹேவன் தளத்தில் 769 ஸ்குவாட்ரன் கப்பல் இறங்குதலைக் கற்றுக்கொடுத்தது. 731 ஸ்குவாட்ரன் பேட்ஸ்மேன்களைப் பயிற்றுவித்தது. பேட்ஸ்மேன் என்பவர் தளத்தின் இடது ஓரத்தில் நின்று இரு கைகளிலும் மட்டைகளை ஏந்தி, வரும் விமானிக்குச் சைகை காட்டுபவர். அவரைப் பயிற்றுவிக்க யாராவது நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 731ன் விமானிகளுக்கு 'சாவி கொடுத்த எலிகள்' என்று பெயரே விழுந்தது. ஒரு புதிய விமானத்துக்கு எந்த உயரத்தில், எந்த இடத்தில் 'என்ஜினை அணை' என்ற சைகையைக் காட்ட வேண்டும் என்பது சோதனை விமானிகள் கண்ட எண்ணைப் பொறுத்தது. அந்த எண் பேட்ஸ்மேனின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் கையேட்டில் அச்சிட்டு என்ன பயன்?

சைகையிலேயே ஒரு பொறி இருந்தது. பிரிட்டிஷ் முறையில் மட்டைகள் மேலே போனால் 'மேலே ஏறு' என்ற கட்டளை. அமெரிக்க முறையில் அதே சைகைக்கு 'நீ அதிக உயரத்தில் இருக்கிறாய்' என்று பொருள். பசிபிக்கில் இரு கடற்படைகளும் சேர்ந்து இயங்கியபோது இது உயிரோடு விளையாடும் முரண். போருக்குப் பின் பிரிட்டன் அமெரிக்க முறைக்கு மாறியது.

பாராகுடா குண்டுவீச்சு விமானத்தின் கதை வேறு வகை. 1943ல் அது சேவைக்கு வந்ததும் காரணம் புரியாத விபத்துகள் தொடர்ந்தன. ஒரு காரணம் பறத்தலில் இருந்தது: குத்துப் பாய்ச்சலில் வேகத்தடை ஃபிளாப்புகளை வேகம் குறையாமலே மூடி, கூடவே சுக்கானையும் திருப்பினால், மூக்கு திடீரென்று கீழே குத்தும். தாழ்வான உயரத்தில் அதிலிருந்து மீள முடியாது. மற்றொன்று யாரும் எதிர்பார்க்காதது. ஹைட்ராலிக் திரவத்தில் ஈதர் கலந்திருந்தது. விமானியின் முன் இருந்த அழுத்தமானிக்கு வரும் குழாய் கசிந்தால் திரவம் நுண்துளியாக முகத்தில் தெளிக்கும். விமானி மயங்குவார். மருத்துவமனையில் அறுவைக்கு முன் கொடுத்த அதே ஈதர் தான். புறப்படும் முதலே பிராணவாயு முகமூடி அணிய வேண்டும் என்ற ஆணை வந்த பிறகு அந்த வகை விபத்து நின்றது. இயந்திரத்தின் கோளாறு நடைமுறையால் அடைக்கப்பட்டது. விதியாகப் பயிற்சியில் நுழைந்துவிட்டால் பிறகு வருபவர்களுக்கு அது ஏன் என்றுகூடத் தெரிவதில்லை.

அமெரிக்க கோர்சேர் வந்தபோது அதன் நீண்ட மூக்கு கடைசி நொடிகளில் பேட்ஸ்மேனை மறைத்தது. நேராக வராமல் இடப்பக்கமாக வளைந்து வந்து, தளத்தை அடையும் தறுவாயில்தான் நிமிர்வது என்று பழகிக்கொண்டார்கள். வேகம் குறையும்போது இடது இறக்கை முதலில் விழுவதைச் சரிசெய்ய, வலது இறக்கையின் முன் விளிம்பில் ஆறு அங்குல நீளத்தில் ஒரு சிறு தகட்டைப் பொருத்தினார்கள். இரண்டு இறக்கையும் ஒன்றாகத் தளர்ந்தன. பிரிட்டிஷ் கப்பல்களின் கொட்டகை தாழ்வு என்பதால் மடித்த இறக்கை கூரையில் இடிக்காதிருக்க நுனிகளை 8 அங்குலம் வெட்டினார்கள். 1944 ஏப்ரலில் நார்வேயில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மீது நடந்த தாக்குதலுக்குக் காவலாக விக்டோரியஸிலிருந்து கோர்சேர்கள் பறந்தன.

சோதனைகளுக்குத் தனிக் கப்பல் 1943ல் கிடைத்தது. பிரிட்டோரியா காஸில் என்ற பயணிகள் கப்பலை விமானந்தாங்கியாக மாற்றி, போரின் முன்வரிசைக்கு அனுப்பாமல் சோதனைக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொண்டார்கள். போருக்குப் பின் 778 தென்கரைக்கே திரும்பியது. 1947ல் சீ ஃபியூரி முதலில் வந்தது அதனிடம்தான். 1948ல் கலைக்கப்பட்டது. 1951 நவம்பரில் கல்ட்ரோஸ் தளத்தில் மீண்டும் உயிர்பெற்று, அமெரிக்கா கொடுத்த ஸ்கைரெய்டர் ரேடார் விமானங்களை ஏற்று, அடுத்த ஜூலையில் 849 ஸ்குவாட்ரனாக மாறியது. சோதித்தவர்களே முதல் செயற்படையாகவும் பயிற்சி மையமாகவும் ஆவது என்ற வழக்கம் இதற்குப் பிறகு வேரூன்றியது.

இதற்கிடையில் ஜெட் வந்துவிட்டது. 1945 டிசம்பர் 3ல் எரிக் பிரவுன் ஓஷன் கப்பலில் சீ வேம்பயரை இறக்கினார். ஃபார்ன்பரோவைச் சேர்ந்த இவர் வாழ்நாளில் 2,407 முறை கப்பல் தளத்தில் இறங்கியவர். ஜெட்டால் பழைய பழக்கங்கள் பல செல்லாமல் போயின. புரொப்பெல்லர் விமானத்தில் பேட்ஸ்மேன் சைகை காட்டியதும் என்ஜினை அணைத்தால் விமானம் உடனே அமரும். ஜெட்டை அணைத்தாலும் அது மிதந்துகொண்டே போகும். தவறிவிட்டால் மறுபடி விசை ஏறப் பல நொடிகள் ஆகும். கம்பியைத் தவறவிட்டவரைத் தடுக்க முன்னால் இருந்த எஃகுக் கயிற்றுத் தடுப்பை முன்பு புரொப்பெல்லர் எதிர்கொண்டது. ஜெட்டில் கயிறு நேரே விமானி அறைக்கு வரும். நைலான் வலைக்கு மாறியது அதனால்தான்.

நிரந்தரத் தீர்வு இரண்டு. ஒன்று சாய்தளம்: இறங்கும் பாதையைக் கப்பலின் அச்சிலிருந்து சில பாகை திருப்பிவிட்டால் கம்பியைத் தவறவிட்டவர் முழு விசையோடு மீண்டும் எழும்பலாம். 1952ல் டிரையம்ஃப் கப்பலின் தளத்தில் வெறும் பெயின்ட் கோட்டைச் சாய்வாகப் போட்டு, சக்கரத்தைத் தொட்டு எழும்பிப் பார்த்தார்கள். மற்றொன்று நிக் குட்ஹார்ட்டின் கண்ணாடி: குழிந்த கண்ணாடியில் தெரியும் ஒளிப்பொட்டு இருபக்கப் பச்சை விளக்குகளின் வரிசையோடு சேர்ந்திருந்தால் விமானி சரியான சரிவில் இருக்கிறார். மேலே தெரிந்தால் உயரம் அதிகம், கீழே என்றால் தாழ்வு. மட்டைக்காரரின் எதிர்வினை நேரம் கணக்கிலிருந்தே போய்விட்டது. இதை அவர் முதலில் செய்துகாட்டியது மேசைக் கண்ணாடியும் உதட்டுச் சாயக்குச்சியும் வைத்து.

கண்ணாடி வந்ததும் இறங்கும் முறையே மாறியது. தரையிறங்கும்போது கடைசியில் மூக்கைத் தூக்கி மெதுவாக அமரும் பழக்கத்தை விட்டு, 3 பாகைச் சரிவிலேயே வந்து மோத வேண்டும். நெருங்கும் வேகம் 95 நாட் என்றால் கீழிறங்கும் வேகம் நொடிக்குச் சுமார் 8.4 அடி. சரிவு 4 பாகையானால் 11.2 அடி. சக்கரக் கால் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். பயிற்சியில் ஒரு பாகைக்குக்கூட இடம் கொடுக்காதது இதனால்.

1955ல் ஃபோர்ட் தளத்தில் 703, 771 ஆகிய இரண்டையும் சேர்த்து 700 ஸ்குவாட்ரன் சோதனைப் பணிக்கு அமைக்கப்பட்டது. பிறகு ஒவ்வொரு புதிய விமானத்துக்கும் 700ஓடு ஓர் எழுத்தைச் சேர்த்துத் தற்காலிகப் பிரிவு ஒன்றைத் தொடங்குவது வழக்கமாயிற்று. 1957ல் சிமிட்டருக்கு 700எக்ஸ், அடுத்த ஆண்டு சீ விக்ஸனுக்கு 700ஒய், 1961ல் லாஸிமவுத்தில் பக்கனியருக்கு 700இசட், 1968ல் யோவில்டனில் ஃபான்டமுக்கு 700பி, 1969ல் சீ கிங்குக்கு 700எஸ். தீவிரப் பறத்தல் சோதனைப் பிரிவு என்பது இவற்றின் முறையான பெயர். குறுகிய காலத்தில் முடிந்தவரை அதிக மணிநேரம் பறந்து, எந்த உதிரிப்பாகம் எத்தனை மணிநேரத்தில் தேய்கிறது, எதைக் கிடங்கில் எத்தனை வைக்க வேண்டும் என்று முதல் போர் ஸ்குவாட்ரன் உருவாகும் முன்பே அறிந்துகொள்வதுதான் வேலை.

பக்கனியரின் முதல் வகைக்கு என்ஜின் விசை போதாது. அதனால் குறைந்த எரிபொருளோடு கேட்டபல்ட்டில் (விமானத்தைத் தளத்திலிருந்து வீசி எறியும் கருவியில்) ஏவி, மேலே சிமிட்டரிடமிருந்து நிரப்பிக்கொண்டார்கள். ஏவும் நேரத்தில் விமானி கட்டுப்பாட்டுக் கோலைத் தொடவே கூடாது. முன்கூட்டிச் சீரமைத்த நிலையில் விமானம் தானே எழும்பும். இழுத்தால் மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்துவிடும். கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது ஒரு விமானிக்கு எத்தனை கடினம் என்பதை யோசித்தால் பயிற்சியின் பங்கு விளங்கும். ஃபான்டமில் சிக்கல் வெப்பம். பிரிட்டிஷ் ஃபான்டமின் முன்சக்கரக் கால் ஏவும்போது 40 அங்குலம் நீண்டு மூக்கைத் தூக்கும். அப்போது ஸ்பே என்ஜின்களின் பின்னெரி நெருப்பு நேராகத் தளத்தில் அடிக்கும். 1969ல் ஈகிள் கப்பலில் நடந்த சோதனைக்குக் கேட்டபல்ட்டின் பின்னால் கனத்த எஃகுத் தகட்டைச் சங்கிலியால் பிணைத்துப் போட வேண்டியிருந்தது. ஆர்க் ராயலில் நீர் குளிர்விக்கும் தகடுகளையே பொருத்தினார்கள்.

செங்குத்தாக இறங்கக்கூடிய சீ ஹாரியர் ஜெட்டுக்கான 700ஏ 1979 ஜூனில் யோவில்டனில் அமைந்தது. 1980 மார்ச் இறுதியில் அதுவே 899 என்ற தலைமைப் பயிற்சி ஸ்குவாட்ரனாயிற்று. இரண்டு ஆண்டில் ஃபாக்லாந்து போர். 899 தன் விமானங்களையும் பயிற்றுநர்களையும் பிரித்து ஹெர்மஸில் இருந்த 800க்கும் இன்வின்சிபிளில் இருந்த 801க்கும் கொடுத்தது. முதலில் போன 20 சீ ஹாரியர்களில் 12 ஹெர்மஸில், 8 இன்வின்சிபிளில். பயிற்சி ஸ்குவாட்ரன் கரையில் சும்மா கிடக்கும் செலவு என்று நினைத்த கணக்காளர்களுக்கு அந்த ஏப்ரல் பதில் சொன்னது.

1983ல் இந்தியக் கடற்படையின் சீ ஹாரியர் விமானிகள் பழகியதும் யோவில்டனில்தான். இந்தியாவின் சொந்தக் கடற்படை ஜெட் பயிற்சிக்கு அதைவிடப் பழைய வேர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஐஎன்எஸ் ஹன்சா 1961 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது கோவாவில் அல்ல, கோவைக்குப் பக்கத்தில் சூலூரில். கோவா விடுதலைக்குப் பிறகு, 1964ல்தான் அது டபோலிமுக்குப் போனது. அதே ஹன்சாவில்தான் இன்று கரையிலேயே 14 பாகை ஏறுதளமும் தடுப்புக் கம்பிகளும் கொண்ட சோதனை வசதி இருக்கிறது. தேஜஸின் கடற்படை வகை 2019 செப்டம்பரில் அங்கே கம்பி பிடித்து நின்றது. நான்கு மாதம் கழித்து, 2020 ஜனவரி 11ல், விக்ரமாதித்யாவில் இறங்கியது. ஆர்ப்ரோத்தில் ஓடுபாதையில் கோடு போட்டுப் பழகியதன் முழு வளர்ந்த வடிவம் அது.

பிரிட்டனில் 700இன் எழுத்து வரிசை இன்னும் முடியவில்லை. மெர்லின் ஹெலிகாப்டருக்கான 700எம் 1998 முதல் 2008 வரை, பத்து ஆண்டு நீடித்தது. மின்னணுக் கருவிகளும் மென்பொருளும் பெருகிய ஹெலிகாப்டரை ஓராண்டில் சோதித்து முடிக்க முடியாது. வைல்ட்கேட்டுக்கான 700டபிள்யூ 2014ல், லிங்ஸ் பயிற்சி ஸ்குவாட்ரனான 702ஓடு இணைந்து 825 ஆனது. சிமிட்டர் காலத்து 700எக்ஸ் என்ற பெயரும் அதே ஆண்டு கல்ட்ரோஸில் திரும்ப வந்தது. இம்முறை அதன் பொறுப்பு ஆளில்லா விமானங்கள்: அவற்றைச் சோதிப்பதும், கப்பலில் இருந்து அவற்றை இயக்குபவர்களைப் பழக்குவதும்.